கத்திரி வெயிலில் ஒரு பகல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது. மலை இருக்கும், மரம் இருக்காது என்று எங்கள் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். வெயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஊர் சொல்லிக் கொடுத்ததுதான். அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்னி நட்சத்திரம் என்பது வெறும் பஞ்சாங்கக் கணக்கா, நிஜமாகவே அப்போதுதான் வெயில் அதிகமா? (கல்லூரி மாணவி, காட்பாடி)

கணக்கு பஞ்சாங்கத்துடையது. சூரியன் பரணியின் பின்பாதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் முடிக்கும் வரையுள்ள நாட்கள் அவை. பெரும்பாலும் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி, அதனால் அந்தப் பெயர். வானிலை ஆய்வு மையம் இந்தக் கணக்கை வைத்து எதையும் அறிவிப்பதில்லை. ஆனால் வெயில் இருப்பது உண்மை. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் காய்ந்த மண் நாளுக்கு நாள் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போகும். கோடை மழை இரண்டு பெய்தால் தணியும், பெய்யாவிட்டால் எரியும். சென்னைக்கு மத்தியானம் கடல்காற்று வந்து கைகொடுக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேற்குக் காற்று பலமாக அடித்துக் கடல்காற்று உள்ளே வராத நாளில் சென்னையும் வேலூர் ஆகிவிடும். 2003 மே 31 அன்று அங்கே 45 டிகிரி போனது.

கைபேசியில் 41 என்று காட்டுகிறது. வண்டி ஓட்டும்போது 50 போல இருக்கிறது. எது சரி? (உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பி, சத்துவாச்சாரி)

இரண்டும் சரி தம்பி. வானிலைக்காரர்கள் அளப்பது நிழலில் இருக்கும் காற்றை. வெள்ளையடித்த, காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், ஆள் உயரத்தில் கருவி இருக்கும். நீ போவது தார் ரோட்டில், மேலே வெயில், கீழே ரோட்டின் அனல், முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகை. ஹெல்மெட்டுக்குள் ஈரத் துண்டு வைத்துக்கொள். தண்ணீர் பாட்டிலைக் கையெட்டும் இடத்தில் மாட்டு, பைக்குள் இருந்தால் எடுக்கவே மாட்டாய்.

அக்கா, ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது? காலையிலேயே களைத்துப் போகிறேன். (இல்லத்தரசி, குடியாத்தம்)

வெயில் நாளில் கடிகாரத்தை மாற்றி வைக்க வேண்டும் கண்ணு. நம் அம்மாக்கள் அப்படித்தான் செய்தார்கள். நாலரை, ஐந்துக்கு எழுந்துவிடுங்கள். அந்த வேளையில் மாடியில் நின்றால் கொஞ்சம் குளுமையான காற்று வரும், நாள் முழுவதற்கும் அது ஒன்றுதான். சமையலை எட்டு மணிக்குள் முடித்து அடுப்பை அணைத்துவிடுங்கள். குழம்பு, மோர், ஒரு துவையல் போதும். மத்தியானத்துக்கு இரண்டாவது முறை அடுப்பு மூட்டினால் சமையலறைச் சூடு வீடு முழுக்கப் பரவி ராத்திரி வரை இருக்கும்.

ஒன்பது மணிக்குக் கிழக்கு ஜன்னலைச் சாத்துங்கள், மத்தியானத்துக்கு முன்னால் மேற்கையும். வெளியே சூடான காற்று அடிக்கும்போது "காற்று வரட்டும்" என்று திறந்து வைப்பதுதான் நிறைய வீடுகளில் செய்யும் தவறு. பன்னிரண்டு முதல் மூன்று, முடிந்தால் நாலு வரை வெளியே போகாதீர்கள். ரேஷன் கடை, வங்கி எல்லாம் பத்தரைக்குள். மத்தியானம் படுப்பதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தரையில் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, பருத்திப் புடவையை விரித்துப் படுங்கள்.

வற்றல், வடாம், மோர் மிளகாய் போடுகிறவர்கள் காலையிலேயே பிழிந்துவிட்டு இறங்கிவிடுங்கள். காக்காய் விரட்ட மாடியில் உட்கார வேண்டாம், பழைய கொசுவலையைப் போட்டு மூடினால் போதும். என் பெரியம்மா ஒரு கோடையில் வடாமுக்குக் காவல் இருந்து மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வலைதான்.

மண்பானை வாங்கினேன், தண்ணீர் குளிரவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (அரக்கோணம்)

பானை மேல் பெயின்ட், வார்னிஷ் பூசியிருக்கிறதா பாருங்கள். பூசியிருந்தால் குளிராது. பானையின் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து, வெளிப்பக்கம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நமக்கு வியர்ப்பதும் இதே வேலைதான். நல்ல பானையைத் தொட்டால் விரல் ஈரமாகும்.

புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், துளை அடைத்துக்கொள்ளும், வாசனையும் ஏறும். தேங்காய் நார் போதும். சமையலறை மூலையில் வைக்காமல் காற்று படும் நிழலில் வையுங்கள். என் பாட்டி கூடத்து வாசல் ஓரம் ஆற்றுமணலைக் குவித்து அதன்மேல் பானையை வைப்பார். கசியும் தண்ணீர் வீணாகக் கூடாதென்று மணலில் வெந்தயம் தூவிவிடுவார். நாலைந்து நாளில் பானையைச் சுற்றிப் பச்சையாக முளைத்து நிற்கும், பத்து நாளில் அதைக் கிள்ளிக் கூட்டுக்குப் போடுவார். காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் பானை இவ்வளவு குளிராது. நம் வறண்ட காற்றுக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

கைக்குழந்தைக்கு நாலு மாதம். உதடு காய்கிறது. தண்ணீர் கொடுக்கலாமா?

வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். அடிக்கடி பால் கொடுங்கள், நீங்கள் நிறையக் குடியுங்கள். துணியால் இறுக்கிச் சுற்றாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையம்.

எங்கள் சைட்டில் போன வாரம் ஒருவர் விழுந்துவிட்டார். வெறும் மயக்கமா, ஆபத்தா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (கட்டட மேஸ்திரி, ஆம்பூர்)

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

வியர்த்துக் கொட்டுகிறது, தலை சுற்றுகிறது, கால் குரக்களி பிடிக்கிறது, ஆனால் பெயரைக் கேட்டால் ஒழுங்காகச் சொல்கிறார் என்றால் களைப்பு. நிழல், ஓய்வு, உப்புச் சர்க்கரைக் கரைசல். ஆள் உளறுகிறார், தள்ளாடுகிறார், கூப்பிட்டால் புரியவில்லை, வலிப்பு வருகிறது, உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்பத்தாக்கு. உடம்பின் உள்சூடு 40 டிகிரிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். தோல் காய்ந்திருக்கலாம், உழைக்கிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். வியர்வையை நம்பாதீர்கள், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பல வருஷம் முன்பு, நூறு நாள் வேலையில் ஏரி வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. மண் அள்ளும் சட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே உட்கார்ந்து, இறந்துபோன தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். சுற்றிலும் இருபது பேர் நெருக்கி நின்றிருந்தார்கள், ஒருவர் வாயில் சோடாவை ஊற்றிக்கொண்டிருந்தார். கழுத்தில் கை வைத்தேன், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் பக்கத்தில் கை நீட்டியது போல இருந்தது. கருவேல மரத்தடிக்குத் தூக்கினோம். ரவிக்கையைத் தளர்த்தி, குடத்துத் தண்ணீரைத் தலையிலிருந்து கால் வரை ஊற்றி, நாலு பெண்கள் முந்தானையால் விசிறினார்கள். ஐஸ் வண்டிக்காரரிடம் இருந்த ஐஸை அக்குளிலும், தொடை இடுக்கிலும், கழுத்துப் பக்கமும் வைத்தோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கண் திறந்து, "எம்மா, குளுருது" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன் என்று இன்றும் தோன்றும்.

ஆகவே 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டிக்குக் காத்திராமல் அந்த நிமிடமே உடம்பைக் குளிர்விக்க ஆரம்பியுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

மேஸ்திரி, உங்களுக்கு இன்னொன்று. காலை ஆறுக்கு வேலையைத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்துங்கள், மூன்றரைக்கு மேல் மறுபடி. கூலியைப் பிடிக்காதீர்கள். புதிதாக வந்த ஆளுக்கு முதல் வாரம் பாதி வேலை கொடுங்கள், உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. புயலுக்கு வேலையை நிறுத்தும் நாம் இதற்கும் நிறுத்தலாம்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் வீட்டிலேயே செய்யலாமா?

ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு பிசகக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

வேலைக்குப் போகும் இடத்தில் கழிப்பறை இல்லை. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. (பெயர் வேண்டாம்)

உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. வயல், செங்கல் சூளை, கடைத்தெரு என்று எங்கே போனாலும் பெண்கள் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல் என்று வந்தவர்களிடம் "நிறையத் தண்ணீர் குடிம்மா" என்று நானும் ஆரம்பத்தில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவர் திருப்பிக் கேட்டார், "குடிச்சிட்டு எங்கம்மா போறது?" பதில் இல்லை என்னிடம்.

இது உங்கள் பழக்கத்தின் குறை இல்லை, வேலை கொடுப்பவரின் கடமை. நாலு பெண்கள் சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்டால் மழுப்புவார்கள். அதுவரை, கிளம்பும் முன் இரண்டு டம்ளர், திரும்பியதும் இரண்டு டம்ளர், இடையில் வாய் நனையும் அளவாவது அடிக்கடி. சிறுநீர் கறுத்த மஞ்சளாக, எரிச்சலோடு போனால் அன்று வேலைக்குப் போகாதீர்கள்.

கூழா, பழைய சோறா, எது நல்லது?

இரண்டுமே. எங்கள் பக்கம் கேழ்வரகுக் கூழ்தான். முதல் நாள் மாவைப் புளிக்க வைத்து, நொய்யரிசி வேகும்போது கரைத்து ஊற்றிக் கிளறி, மறுநாள் மோர் விட்டுக் கரைப்போம். சின்ன வெங்காயம், மாங்காய்த் துண்டு, மோர் மிளகாய். குடித்தால் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் சேர்ந்து உள்ளே போகிறது. பழைய சோறு இந்த வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், நூல் விட்டாலோ நாற்றம் வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

அப்பாவுக்கு இருதய மாத்திரையோடு சிறுநீர் போகும் மாத்திரையும் உண்டு. தினம் இளநீர் கொடுக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கோடைக்கென்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது குறையும், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தகர ஷீட் வீடு. ஃபேன் போட்டால் அனல்தான் வருகிறது.

காற்றே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் உங்களைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் அள்ளிப் போடும். உடம்பில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள், வித்தியாசம் தெரியும். ஷீட்டுக்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் போடுங்கள். சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்தாலும் குறையும். மத்தியானம் மட்டும் வேப்பமரத்தடிக்கோ, கோயில் மண்டபத்துக்கோ போய்விடுங்கள். எங்கள் ஊரில் பாதித் தெரு அங்கேதான் இருக்கும்.

பிள்ளைகள் கிணற்றில் குளிக்கப் போகிறேன் என்கிறார்கள்.

நீச்சல் தெரிந்த பெரியவர் இல்லாமல் அனுப்பாதீர்கள். கல்குவாரிக் குட்டைக்கு யாரோடும் அனுப்பாதீர்கள். ஆழம் தெரியாது, ஏறிவரப் படி இருக்காது. ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளின் செருப்பை மட்டும் கரையில் பார்த்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி தூக்கமே இல்லை.

பகலில் கான்கிரீட் குடித்த சூடுதான் ராத்திரி இறங்குகிறது. ஆறு மணிக்கு மாடியில் தண்ணீர் தெளியுங்கள், ஒன்பது மணிக்குப் பாயை விரியுங்கள், கொசுவலை கட்டுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். வீட்டுக்குள் படுப்பவர்கள் இப்போது எல்லா ஜன்னலையும் திறந்து விடுங்கள்.

குருவிக்குத் தண்ணீர் வைத்தால் குடிக்க வரவில்லை, ஏன்? (ஏழாம் வகுப்பு மாணவன்)

ஆழமான பாத்திரம் வைத்திருப்பாய் கண்ணா. மண் சட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லைப் போடு, அதில் நின்று குடிக்கும். நிழலில் வை, பூனை ஏற முடியாத இடமாக இருக்கட்டும். தினமும் காலையில் கழுவி மாற்று. இரண்டு மூன்று நாளில் வரும்.