ரீடச்சிங் பென்சில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் எங்கள் குடும்பத்துக்குப் பம்புசெட் தொழிற்சாலை இருக்கிறது. சென்ற மாதம் ஓர் ஆலோசகர் வந்து, வரப்போகும் பன்னிரண்டு தொழில்நுட்பங்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனார். செயற்கை நுண்ணறிவு, குவாண்டம் கணினி, புதுவகை பேட்டரி என்று நீள்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பத்தாண்டுத் திட்டம் எழுதச் சொல்கிறார் சித்தப்பா. எதை எடுப்பது? டிஜிட்டலைக் கண்டுகொள்ளாமல் நொடித்துப்போன பிலிம் நிறுவனம் கோடாக்கைப் போல ஆகிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க,

குவாண்டம் கணினியால் உங்கள் பம்புக்கு இப்போதைக்கு ஒன்றும் ஆகாது, விடுங்கள். ஆலோசகருக்குக் கொடுத்த பணத்தைப் பற்றியும் நான் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கடைசி வரி! ஊரே சொல்வதை நீங்களும் விசாரிக்காமல் எழுதிவிட்டீர்கள்.

1975-ல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாசன்தான். ஒரு கருப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 விநாடி பிடித்தது. 1981-ல் நிறுவனத்துக்குள்ளேயே ஆய்வு செய்து, தங்களுக்கு ஏறக்குறைய பத்தாண்டு அவகாசம் உண்டு என்று கணக்கும் போட்டுவிட்டார்கள். உங்கள் சித்தப்பா கேட்பது அத்தனையும் அவர்கள் மேஜையில் இருந்தது. 2012 ஜனவரியில் திவால் மனு.

பிலிமை நம்பிப் பிழைத்த இன்னொரு நிறுவனம் ஜப்பானின் ஃபியூஜி. பிலிமில் பூசும் ஜெலட்டின், நம் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. படம் நிறம் மங்காமல் காக்கும் வேதியியலும் அவர்களுக்குக் கைவந்த கலை. பிலிம் விற்பனை சரிந்ததும் அதே அறிவைக் கொண்டு முகப்பூச்சு விற்கத் தொடங்கினார்கள். சிரிக்க வேண்டாம், நானும் முதலில் சிரித்தவன்தான்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் மாமாவின் ஸ்டுடியோவில் பார்த்துவிட்டேன். பள்ளி விடுமுறைகளில் அங்கே எடுபிடி நான். ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிலிம் டப்பாக்கள் அலமாரியில் அடுக்கியிருக்கும். மாமா படம் திருத்தும் ரீடச்சிங் பென்சிலை பிளேடால் சீவி, உப்புத்தாளில் தேய்த்து ஊசிமுனையாக்குவார். நெகட்டிவை விளக்கொளியில் சாய்த்து வைத்து, முகத்தின் அம்மைத் தழும்புகள் மேல் புள்ளி புள்ளியாக நிரப்புவார். பிரிண்ட்டில் தழும்பு இருக்காது. முகம் மட்டும் மாறாமல் இருக்கும். வரன் பார்க்கப் படம் வேண்டுமென்று அம்மாக்கள் பெண்களை அடுத்த ஊரிலிருந்தெல்லாம் பஸ் ஏற்றி அழைத்து வந்தது அந்தக் கைக்காகத்தான்.

மாமாவுக்கும் டிஜிட்டல் வருவது தெரியும். பத்திரிகைச் செய்தியை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தார். பிலிம் கொண்டுவரும் விற்பனையாளரிடம் கேட்டார்: “பிலிம் அளவுக்குத் தெளிவு வருமா?” வராது என்றார் அவர். அன்றைக்கு அது உண்மை. மாமா நிம்மதியாகத் தூங்கினார். அந்த அம்மாக்கள் தெளிவுக்காகவா வந்தார்கள்? தெளிவாகத் தெரியக்கூடாது என்றல்லவா வந்தார்கள்! கணினியில் முகம் திருத்த ஊரிலேயே தகுதியான ஆள் அவர் ஒருவர்தான். அது அவருக்கும் தோன்றவில்லை, எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

எதிர்த் தெருவில் ஒரு பையன் கணினி வைத்தான். அவன் போட்டுக் கொடுத்த படத்தை ஒரு பெண்மணி மாமாவிடம் கொண்டுவந்து காட்டினார். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். தழும்போடு சேர்த்துக் கன்னத்து மச்சத்தையும் அழித்துவிட்டான் என்று மட்டும் சொன்னார்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, தெரிகிறது. பட்டியலில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். எடுக்கும் முன், சர்வீஸுக்குப் போகும் உங்கள் மெக்கானிக்கோடு ஒரு வாரம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய்வாருங்கள். காயில் கம்பி எரிந்துபோன மோட்டாரின் அருகில் நின்று விவசாயி என்ன சொல்லித் திட்டுகிறார் என்று, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள். பட்டியலைப் பற்றிப் பிறகு பேசலாம்.