பாத்ரூமைப் புதுப்பிக்கும்போது கீசர் வயரிங்கை நாமே செய்துகொள்ளலாமா?

வேண்டாம். தப்பாகச் செய்த வயரிங்கிலும் கீசர் சூடாகும், ஆபத்து வெளியே தெரியாது.

உதாரணத்துக்கு, கீசர் பாயிண்டுக்கு எர்த் வயர் இல்லையென்றால் சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும். ஆனால் என்றைக்காவது அந்த நியூட்ரல் வழியில் கழன்றுவிட்டால், சுவிட்சைப் போட்டதும் கீசரின் உலோக உடம்பிலும் அதோடு சேர்ந்த இரும்புக் குழாயிலும் 230 வோல்ட் நிற்கும். ஈரக் கையோடு குழாயைத் திறப்பது உங்கள் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று பெரியதாக மாட்டுவதும் அதே அளவு மோசம். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயரில் அதையும் சேர்த்துவிட்டு 20 ஆம்பியர் எம்சிபி வைத்தால், எம்சிபி ட்ரிப் ஆகாமல் சும்மா இருக்கும். சுவருக்குள் வயர் சூடேறி இன்சுலேஷன் உருகும்.

சரி, என்ன செய்யலாம்? டைல்ஸ் ஒட்டும் முன்பே லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, கீசருக்குத் தனி லைனும் முறையான எர்த்தும் இழுக்கச் சொல்லுங்கள். ஷாக்கிலிருந்து காப்பது எம்சிபி அல்ல, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச். அப்புறம், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால் உடனே மாற்றுங்கள்.