பழைய ஆல்-இன்-ஒன் கணினி இரண்டாவது மானிட்டர் ஆகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

திரையும் கணினியும் ஒரே உடலில் இருக்கும் பழைய ஆல்-இன்-ஒன் கணினியின் திரையை மடிக்கணினிக்குத் துணைத் திரையாக வைத்துக்கொள்வது பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் மாடல் எண் இல்லை. "கறுப்பு நிறம், 22 அங்குலம், ஐந்தாறு வருடப் பழசு" என்ற விவரத்தை வைத்துக்கொண்டு நான் சோதிடம் மட்டுமே சொல்ல முடியும். மாடல் எண் கணினியின் முதுகிலோ தாங்கியின் அடியிலோ ஒட்டப்பட்டிருக்கும். குனிந்து பார்த்து எழுதுங்கள்.

என்னிடம் 2010ஆம் ஆண்டின் 27 அங்குல ஐமேக் இருக்கிறது. கேபிள் ஒன்று வாங்கினால் போதுமா? (திருப்பூர்)

போதும். ஆண்டையும் அளவையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி. ஐமேக் என்பது ஆப்பிளின் ஆல்-இன்-ஒன் கணினி; அதை இன்னொரு கணினிக்குத் திரையாக்கும் வசதிக்கு ஆப்பிள் "டார்கெட் டிஸ்ப்ளே மோட்" என்று பெயர் வைத்திருந்தது. 2009 இறுதியிலும் 2010இலும் வந்த 27 அங்குல ஐமேக்குகளுக்கு மினி டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வேண்டும். 2011 முதல் 2014 நடுப்பகுதி வரை வந்தவற்றுக்குத் தண்டர்போல்ட் கேபிள் வேண்டும். இரண்டின் முனையும் ஒரே வடிவம் என்பதால் கடைக்காரரே குழம்புவார்; தண்டர்போல்ட் கேபிளில் மின்னல் குறி இருக்கும். ஐமேக்கில் ஹை சியராவோ அதற்கு முந்தைய மேக்ஓஎஸ்ஸோ இருக்க வேண்டும். அதற்கு மேல் அப்டேட் செய்துவிட்டால் இந்த வசதி போய்விடும். இணைக்கப்படும் மேக், 2019இலோ அதற்கு முன்போ வெளியானதாகவும் கேட்டலினாவையோ அதற்கு முந்தையதையோ கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் நிபந்தனை. கேபிளைச் செருகிவிட்டு, ஐமேக்கின் விசைப்பலகையில் கமாண்ட், எஃப்2 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வேறு நிறுவனங்களின் விசைப்பலகை சில சமயம் இந்தக் கட்டளையை அனுப்பாது. ஆப்பிள் விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கியாவது முயன்றுவிட்டு, பிறகு கேபிளைக் குறை சொல்லலாம்.

அதே 2010, ஆனால் 21.5 அங்குலம். (நாகர்கோவில்)

முடியாது. 21.5 அங்குலத்தில் இந்த வசதி 2011 மாடலிலிருந்துதான் வந்தது.

2015இல் வாங்கிய 5கே ஐமேக். திரை அவ்வளவு அழகாக இருக்கிறது; பழைய ஐமேக்கில் இருந்த வசதி இதில் ஏன் இல்லை? (கோயம்புத்தூர்)

அழகுதான் காரணம். 5120 x 2880 புள்ளிகளை நொடிக்கு அறுபது முறை அனுப்ப வேண்டுமானால், நொடிக்குச் சுமார் 21 ஜிகாபிட் தேவை. அந்தக் காலத்து டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இணைப்பு தாங்குவது சுமார் 17 ஜிகாபிட். உள்ளே இரண்டு இணைப்புகளைக் கொடுத்து ஆப்பிள் சமாளித்துக்கொண்டது. வெளியிலிருந்து அப்படிக் கொடுக்க வழி வைக்கவில்லை. 5கே ஐமேக் எதிலும் டார்கெட் டிஸ்ப்ளே மோட் கிடையாது. இருக்கும் வழிகள் இரண்டு. லூனா டிஸ்ப்ளே போன்ற சாதனத்தைக் கொண்டு நெட்வொர்க் வழியாகப் படத்தை அனுப்பலாம். இல்லையென்றால் உள்ளிருக்கும் மதர்போர்டைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் படத்தை வாங்கிப் பேனலுக்கு, அதாவது படம் தெரியும் திரைப் பலகைக்கு, அனுப்பும் பொருத்தமான கண்ட்ரோலர் போர்டை வைக்கலாம். இரண்டாவது வழியில் கிடைக்கும் 5கே மானிட்டருக்கு ஈடான புதியதை வாங்க வேண்டுமானால் கூடுதல் செலவாகும். ஆனால் ஐமேக் மறுபடி கணினியாக இயங்காது. கோப்புகளை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆல்-இன்-ஒன் கணினியிலும் எச்டிஎம்ஐ இருக்கிறது, மடிக்கணினியிலும் இருக்கிறது. இணைத்தால் எதுவும் வரவில்லை. கடையில் வேறு கேபிள் தந்தார்கள், அதிலும் வரவில்லை. இப்போது அடாப்டர் ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். எந்த அடாப்டர் நல்லது? (சேலம், இதே கேள்வியை இன்னும் ஒன்பது பேர்)

எந்த அடாப்டரும் நல்லதல்ல. தயவுசெய்து இனி ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள்.

இதைப் பலமுறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன். ஆல்-இன்-ஒன் கணினியின் முதுகில் இருக்கும் எச்டிஎம்ஐ போர்ட், பெரும்பாலான மாடல்களில், படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே உரியது. அந்தக் கணினிக்கு இன்னொரு மானிட்டரை மாட்டிக்கொள்ளத்தான் அதை வைத்தார்கள். மடிக்கணினியின் போர்ட்டும் அப்படியே. இரண்டு குழாய்களின் வாயை ஒன்றோடொன்று பொருத்திவிட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் பாயும் என்று காத்திருப்பது போன்றது இது. திரைக்குப் போகும் படம், மதர்போர்டிலிருந்து உள்ளேயே ஒரு மெல்லிய கேபிள் வழியாகப் பேனலைச் சேர்கிறது. வெளியிலிருந்து வரும் படத்தை வாங்கி அந்தப் பேனலுக்குத் திருப்பிவிட வேண்டுமானால், அதற்கென்று தனிச் சிப் ஒன்றை நிறுவனம் உள்ளே வைத்திருக்க வேண்டும். அது இல்லாத கணினியில் தங்க முலாம் பூசிய கேபிளும் ஒன்றும் செய்யாது.

லெனோவோ, எச்பி, டெல் ஆகியவற்றின் சில மாடல்களில் இந்தச் சிப் இருக்கிறது. அவற்றில் போர்ட்டின் அருகே "இன்" என்று அச்சிட்டிருப்பார்கள் அல்லது உள்நோக்கிய அம்புக்குறி இருக்கும். கணினியின் விளிம்பிலோ அடியிலோ உள்ளீட்டை மாற்றும் பொத்தானும் இருக்கும். "அவுட்" என்றிருந்தாலோ வெறுமனே "எச்டிஎம்ஐ" என்று மட்டும் இருந்தாலோ அது வெளியே அனுப்புவதுதான் என்று வைத்துக்கொண்டு, உறுதிப்படுத்த மாடல் எண்ணைக் கொண்டு கையேட்டைப் பாருங்கள்.

என் கோபம் கேட்பவர்கள் மீது கொஞ்சம், விற்பவர்கள் மீது அதிகம். முதலில் சாதாரண கேபிள், பிறகு "ஹை ஸ்பீடு" கேபிள், பிறகு விஜிஏ மாற்றி, கடைசியில் "இருவழி" என்று எழுதிய ஒரு சிறிய பெட்டி என்று படிப்படியாக ஏற்றிவிடுகிறார்கள். அந்த இருவழிப் பெட்டி ஒரு மூலத்தை இரண்டு திரைகளில் ஒன்றுக்கோ, இரண்டு மூலங்களில் ஒன்றை ஒரு திரைக்கோ மாற்றிவிடும் சுவிட்ச்தான். வெளியே அனுப்பும் போர்ட்டை உள்ளே வாங்கும் போர்ட்டாக மாற்றும் வித்தை அதற்குத் தெரியாது. எனக்கே ஒரு கடையில் அப்படி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது. இவற்றால் பணம்தான் போகும். இரு முனையிலும் தட்டையான டைப்-ஏ பிளக் உள்ள யூஎஸ்பி கேபிளால் இரண்டு கணினிகளை இணைக்கச் சொன்னால் மட்டும் உடனே மறுத்துவிடுங்கள்: இரண்டு பக்கத்து 5 வோல்ட் மின்சாரமும் மோதி, போர்ட்டே பழுதாகலாம்.

ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கேப்சர் கார்டு கிடைக்கிறதே, அதை வைத்துப் படத்தை உள்ளே வாங்கலாமா? (மதுரை)

வாங்கலாம். மடிக்கணினியின் எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் செருகி, கார்டை ஆல்-இன்-ஒன் கணினியின் யூஎஸ்பியில் மாட்டி, ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் முழுத்திரையாகப் பார்க்கலாம். அந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வேகத்தில் ஓடுபவை. படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எழுத்துகளின் ஓரம் மங்கும், சுட்டி சற்றுப் பின்தங்கியே நகரும். ஒரு பக்கம் ஆவணத்தைத் திறந்துவைத்துப் படிக்கலாம். அதிலேயே தட்டச்சு செய்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

வின்டோஸின் வயர்லெஸ் டிஸ்ப்ளே மூலம் இணைத்தேன். படம் விட்டுவிட்டு வருகிறது. (திருச்சி)

வைஃபை என்றால் அப்படித்தான் வரும். 1920 x 1080 புள்ளிகளைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 3 ஜிகாபிட். அதைப் பல மடங்கு சுருக்கி, பக்கத்து வீடுகளின் வைஃபைகளுக்கு நடுவே அனுப்புகிறீர்கள். கேபிள் போடுங்கள். ஸ்பேஸ்டெஸ்க் மென்பொருளின் சர்வரை மடிக்கணினியிலும் வியூவரை ஆல்-இன்-ஒன் கணினியிலும் நிறுவி, இரண்டையும் ஈதர்நெட் கேபிளால் நேரடியாக இணையுங்கள். ரவுட்டர் தேவையில்லை. பிறகு வின்டோஸ் விசையோடு P அழுத்தி, "எக்ஸ்டெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினியில் ஈதர்நெட் போர்ட் இல்லாவிட்டால், ஜிகாபிட் என்று எழுதியிருக்கும் யூஎஸ்பி மாற்றியாகப் பார்த்து வாங்குங்கள்.

கணினியில் இன்னும் வின்டோஸ் 7தான். மானிட்டராக மட்டும் பயன்படுத்தினால் ஆபத்தா? (வேலூர்)

அதற்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. மேலே சொன்ன நேரடிக் கேபிளை மட்டும் போட்டு, அந்தக் கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

மதர்போர்டு செத்துவிட்டது, பேனல் நன்றாக இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகன் பிரித்துக் கண்ட்ரோலர் போர்டு வைத்துவிடுகிறேன் என்கிறான். அனுமதிக்கலாமா? (ஈரோடு)

மின் அடாப்டர் வெளியே இருக்கும் மாடல் என்றால் அனுமதிக்கலாம். உள்ளே வருவது 19 வோல்ட் அளவுதான். மின் கேபிள் நேராகக் கணினிக்குள் போகிறது என்றால், உள்ளே இருக்கும் பவர் சப்ளையின் மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் இருக்கும். எல்இடிக்கு முந்தைய, குழல்விளக்குப் பேனல் என்றால், அதன் விளக்குக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் போர்டு, விளக்கை ஏற்றும்போது ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும். பழக்கமில்லாத கை அங்கே போக வேண்டாம். இந்த இரண்டு வகை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

போர்டு வாங்குவதற்கு முன் பேனலின் முதுகில் இருக்கும் எண்ணை முழுவதுமாக, கோட்டுக்குப் பிறகு வரும் எழுத்துகளோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் பாதி ஒன்றாக இருந்தும் பின்பாதி மாறினால், எல்விடிஎஸ், ஈடிபி என்ற இரண்டு இணைப்பு வகைகளில் எது என்பதே மாறிவிடலாம். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். கணினியின் மாடல் எண்ணைவிட இங்கே பேனலின் எண்தான் பேசும்.

மின்கட்டணம் அதிகமாகுமா? (தஞ்சாவூர்)

ஆகும். ஆல்-இன்-ஒன் கணினியை முழுவதுமாக ஓடவிட்டுத் திரையாகப் பயன்படுத்தினால் சுமார் 70 வாட், சாதாரண 22 அங்குல எல்இடி மானிட்டர் சுமார் 20 வாட். தினம் எட்டு மணி நேரம் என்றால் மாதத்திற்குப் பன்னிரண்டு யூனிட் கூடுதல். கண்ட்ரோலர் போர்டு வைத்துவிட்டால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் இருக்காது.

இரண்டு கணினிகளும் நன்றாகவே ஓடுகின்றன. மேசையில் இரண்டு விசைப்பலகை, இரண்டு மவுஸ் இருப்பதுதான் தொல்லை. (புதுச்சேரி)

உங்களுக்கு மானிட்டரே தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் மென்பொருளில் இருக்கும் "மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்" வசதியை இரண்டிலும் இயக்குங்கள். ஒரே மவுஸ் ஒரு திரையின் விளிம்பைத் தாண்டி அடுத்த கணினிக்குள் போகும், விசைப்பலகையும் கூடவே போகும். இரண்டிலும் வின்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். மாடல் எண் எழுதியிருந்தால் உறுதியாகவே சொல்லியிருப்பேன்.