கல்ச்சரில் கிருமி வளரவில்லை, ஜீன் டெஸ்ட் செய்யலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. ஒரு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல். எக்கோவில் பார்த்து, இதய வால்வில் கிருமி தொற்றியிருக்கிறது என்றார்கள். மூன்று முறை ரத்தக் கல்ச்சர் எடுத்தும் எதுவும் வளரவில்லை. அடுத்த வாரம் வால்வு மாற்றும் ஆபரேஷன். இதற்கிடையே வெளி லேப் ஆள் ஒருவர், ரத்தத்தில் ஜீன் டெஸ்ட் எடுத்தால் ஒரே நாளில் கிருமியின் பெயரும் அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதும் தெரிந்துவிடும் என்கிறார். நம்பலாமா?

பதில்: கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பதற்கு முன்பே அப்பா ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா? ஒரு மாதக் காய்ச்சல் என்றால் அநேகமாகச் சாப்பிட்டிருப்பார். கல்ச்சர் என்பது ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அது பொய்த்துப்போக முக்கியக் காரணம் இதுதான். பாதி அடிபட்ட கிருமி பாட்டிலில் வளராது, வால்வில் மட்டும் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். முதலில் மாத்திரை, அது கேட்காவிட்டால்தான் ரத்தம் எடுப்பது என்ற தலைகீழ்ப் பழக்கத்தை எதிர்த்துக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

சரி, ஜீன் டெஸ்டுக்கு வருவோம். கல்ச்சருக்கு உயிருள்ள கிருமி வேண்டும். அவர் சொல்லும் ஜீன் டெஸ்ட்டான பிசிஆருக்கு அதன் டிஎன்ஏ கிடைத்தால் போதும். பாக்டீரியா எல்லாவற்றிலும் 16எஸ் என்றொரு ஜீன் உண்டு. இனத்துக்கு இனம் அதில் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்களைப் படித்துப் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் எதை எடுத்துச் சோதிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ரத்தத்தில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும், வால்விலோ குவிந்து கிடக்கும். அதனால் ரத்தத்தில் 'இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அதற்கு மதிப்பு குறைவு.

'ஒரே நாளில்' என்கிறாரே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். பல கிருமிகளை ஒன்றாகத் தேடி, சில மணி நேரத்தில் முடிவு தரும் பிசிஆர் பேனல்கள் பெரும்பாலும் கிருமி ஏற்கெனவே வளர்ந்த கல்ச்சர் பாட்டிலில் செய்பவை. உங்கள் அப்பா பாட்டிலில்தான் எதுவுமே வளரவில்லையே! எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதையும் 16எஸ் சொல்லாது. பெயரை மட்டும்தான் சொல்லும். மருந்தை டாக்டர்தான் அந்தப் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டும். வார்டு வாசலில் நின்று ரத்தக் குழாயை வாங்கிப் போகிறவர்கள் இதையெல்லாம் விளக்க மாட்டார்கள். வைத்தியம் பார்க்கும் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் யாரிடமும் ரத்தம் கொடுக்காதீர்கள்.

ரத்தத்திலேயே பிசிஆர் செய்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அப்பா ஆடு மாடுகளோடு, அதிலும் குட்டி போடும், கன்று போடும் நேரத்தில், பழகுகிறவரா? அப்படியானால் காக்சியெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம். பூனை பிறாண்டியதா, உடம்பில் பேன் இருந்ததா? பார்டொனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவாக இருக்கலாம். இவை சாதாரணக் கல்ச்சரில் வளர்வதே அபூர்வம். இவற்றுக்கென்றே உள்ள பிசிஆரில் ரத்தத்தில் கண்டுபிடித்தால், இதய வால்வுத் தொற்றை உறுதிசெய்ய டாக்டர்கள் பயன்படுத்தும், 2023இல் திருத்திய டியூக் அளவுகோலே அதை முக்கியச் சான்றாக ஏற்கிறது. கூடவே ஆன்டிபாடி டெஸ்டும் எடுக்க வேண்டும். பெயர் தெரிவது இங்கே ரொம்ப முக்கியம். காக்சியெல்லா என்றால் டாக்ஸிசைக்ளினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவினும் சேர்த்துக் குறைந்தது 18 மாதம் கொடுக்க வேண்டும். வழக்கமான சில வார ஊசி போதாது. ஆகவே ஆடு, மாடு, பூனை சமாச்சாரத்தை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி உங்கள் பெரிய வாய்ப்பு அடுத்த வார ஆபரேஷன்தான். வெட்டி எடுக்கும் வால்வில் ஒரு துண்டு கல்ச்சருக்கு, ஒரு துண்டு 16எஸ் பிசிஆருக்கு, ஒரு துண்டு பயாப்சிக்குப் போக வேண்டும். முதல் இரண்டும், பயாப்சித் துண்டு கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின் படாமல் சுத்தமான டப்பாவில் போக வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்று, டிஎன்ஏவையும் சிதைத்துவிடும். ஒரு நோயாளிக்கு நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தும், முழு வால்வையும் பழக்கதோஷத்தில் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு பயாப்சிக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்டால், 'எப்பவும் இப்படித்தான் சார் அனுப்புவோம்.'

இன்னொன்று. வால்வு பிசிஆரில் கிருமி தெரிந்தது என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று பதறாதீர்கள். செத்த கிருமியின் டிஎன்ஏ மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட வால்வில் தங்கும். எத்தனை நாள் மருந்து என்பதை பிசிஆரை வைத்து எண்ணுவதில்லை. வால்வுக் கல்ச்சரில் கிருமி வளர்ந்தால் ஆபரேஷன் நாளிலிருந்து புதிதாக எண்ணுவார்கள். வளராவிட்டால், சரியான மருந்து தொடங்கிய முதல் நாளிலிருந்தே கணக்கு.

ஆபரேஷனுக்கு முந்தின நாளே சர்ஜனைப் பார்த்து டப்பா விஷயத்தை நினைவுபடுத்துங்கள். இதுவரை சாப்பிட்ட, போட்டுக்கொண்ட ஆன்டிபயாட்டிக்குகளின் பெயர், தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி லேப் படிவத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகள் வீட்டில் எங்கேயாவது கிடக்கும், இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.