நெஞ்சு வலியே வந்ததில்லையே, டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். 15 வருடமாக சுகர், பிபி இரண்டும் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார், பேச்சும் தெளிந்துவிட்டது. மறுபடி காட்டப் போனால் எக்கோ, ஹோல்டர் எடுக்கச் சொல்கிறார்கள். நெஞ்சு வலி என்று அவர் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. இசிஜியும் நார்மல். தலையில் வந்த நோய்க்கு நெஞ்சை எதற்குப் பார்க்க வேண்டும்? பணம் பிடுங்கும் வேலையா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கண்ட ஸ்கேனையும் எழுதித் தருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இதயத்தை ஸ்கேனில் பார்க்கும் எக்கோ, நாள் முழுக்க உடம்பில் கட்டி இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர், இந்த இரண்டும் அவசியம்.

சுகர் நாள்பட்டால் இதயத்து நரம்புகள் மரத்துப்போகலாம். மாரடைப்பே வலியில்லாமல் வந்து போயிருக்கலாம். பிறகு எக்கோவில் இதயச் சுவரின் ஒரு பக்கம் சரியாக அசையாததைப் பார்த்துத்தான் தெரியவரும். அப்புறம், இதயக் குழாயில் அடைப்பு இருந்தால் மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோதான் பெரும்பாலும் வலிக்கும். உங்கள் அப்பா மூன்று மாதமாகக் கட்டிலுக்கும் வாசலுக்கும்தானே நடக்கிறார்? வலிக்க வாய்ப்பு எங்கே?

என்னிடம் வந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர், பக்கவாதம் வந்து பிசியோதெரபியில் படி ஏறத் தொடங்கிய வாரத்தில், “மேல்வயிற்றில் வாயு அடைக்குது” என்றார். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் இதயத்தின் மூன்று குழாய்களிலும் அடைப்பு.

கழுத்து, மூளைக் குழாய்களில் படியும் அதே கொழுப்புதான் இதயக் குழாயிலும் படிகிறது. பாரிஸில் பக்கவாதத்தோடு இறந்த 341 பேரின் உடல்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். 72 சதவீதம் பேருக்கு இதயக் குழாய்களில் கொழுப்புப் படிவு இருந்தது.

ஹோல்டர் தேடுவது வேறொன்றை. இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கினால் அங்கே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி நேரே மூளைக்குப் போகலாம். இந்தத் துடிப்புக் கோளாறு வந்து வந்து போகும். சில விநாடி எடுக்கும் இசிஜியில் சிக்காது. 24 மணி நேர ஹோல்டரிலேயே பலருக்குத் தப்பிவிடும். காரணம் பிடிபடாத பக்கவாதக்காரர்கள் 572 பேரை வைத்துக் கனடாவில் செய்த ஆய்வு 2014இல் வந்தது. 24 மணி நேரம் பார்த்தவர்களில் 3.2 சதவீதம் பேருக்கும், 30 நாள் வரை பார்த்தவர்களில் 16.1 சதவீதம் பேருக்கும் கோளாறு தென்பட்டது. எனவே முதல் ஹோல்டர் நார்மல் என்று வந்து, பக்கவாதத்துக்கு வேறு காரணமும் தெரியவில்லை என்றால், இன்னும் அதிக நாள் பார்க்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள். கோளாறு இருப்பது தெரிந்தால் மாத்திரையே மாறும். ஆஸ்பிரின் அதற்குப் போதாது; ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு வகை மருந்து வேண்டும்.

சரி, இதயக் குழாய் அடைப்பைப் படம் பிடித்துக் காட்டும் ஆஞ்சியோகிராம்? எடுத்த எடுப்பில் வேண்டாம். இதய டாக்டர் எக்கோவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். கால் பலவீனமாக இருப்பதால், நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் சோதனை சரிவராது. மருந்து செலுத்தி இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எக்கோவில் பார்க்கலாம், அல்லது சிடி ஆஞ்சியோ எடுக்கலாம். சிடிக்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள், சுகர்காரர் அல்லவா. தொந்தரவே இல்லாதவருக்கு யாராவது உடனே, அடைத்த குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் வைக்கணும் என்றால், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். அடைப்பு இருந்தாலும் பலருக்குக் கொலஸ்ட்ரால், பிபி மாத்திரைகள்தான் முதல் வைத்தியம்.

ஹோல்டர் கட்டும் நாளில் தொளதொளவென்ற சட்டை போடுங்கள், குளிக்க வேண்டாம். படுக்கவைத்துவிடாமல் வழக்கம்போல் நடமாடவிடுங்கள். படபடப்பு, தலைசுற்றல் வந்தால் நேரத்தைக் குறிக்க வேண்டும். அப்பாவுக்கு வலது கை இன்னும் எழுத வராவிட்டால் நீங்கள் பக்கத்தில் இருந்து எழுதிக்கொடுங்கள்.