திகில் பாட்டுக்கு மார்க் போடுவது எப்படி?

ராயபுரம் பாட்டு எழுதும் போட்டிக்கு வந்த திகில் பாட்டெல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது, எப்படி மார்க் போடுவது என்று கேட்கிறீர்கள். ஒலிப்பதிவில் வரும் அலறல், கதவுச் சத்தம், எதிரொலி எதற்கும் மார்க் போடாதீர்கள். இது பாட்டு எழுதும் போட்டி, வரிக்கும் மெட்டுக்கும்தான் மார்க். எல்லாம் ஒரே மாதிரி கேட்பதற்கு இந்தச் சத்தங்களே காரணமாக இருக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். வரிகளை மட்டும் வாங்கி, மேசையில் தாளம் தட்டி ஒருவரைப் பாடச் சொல்லுங்கள். ரத்தம், சுடுகாடு, நள்ளிரவு என்று அடுக்கிய பாட்டு அங்கேயே படுத்துவிடும். ‘பூட்டின வீட்டுக்குள்ள குழாய் சொட்டுது’ மாதிரி ஒரு வரி இருந்தால் நிற்கும்.

அப்புறம், நம்ம பக்கத்துப் பிள்ளைகள் மரண கானா பாணியிலும் எழுதியிருக்கலாம். அது இறந்தவரை நினைத்துப் பாடுவது, சாவைப் பற்றிப் பாடுவதாலேயே திகில் ஆகிவிடாது. பயம் எந்த வரியில் தொடங்குகிறது என்று தேடுங்கள்.

ஒலிப்பதிவுக்கும் மார்க் உண்டு என்று முன்பே அறிவித்திருந்தால் மட்டும், இப்போது விதியை மாற்ற வேண்டாம்.