இன்டர்ன்ஷிப்புக்குப் போதை மீட்புப் பிரிவை எடுக்கலாமா?

உளவியலில் முனைவர் படிப்பு படிக்கிறீர்கள். பயிற்சிக்குக் குடிநோய்ப் பிரிவு கிடைத்திருக்கிறது, அதை எடுத்தால் மற்ற நோய்களைப் பார்க்கிற வாய்ப்பு போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுங்கள். மனச்சோர்வு, பதற்றம், குடும்பச் சண்டை, தூக்கமின்மை எல்லாம் அங்கேதான் ஒரே ஆளிடம் சேர்ந்து வரும். நான் கோவைப் பக்கம் ஒரு மையத்தில் பயிற்சி எடுத்தவள்.

முதல் வாரமே தப்பு செய்தேன். தறி ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும். கடன், தம்பியோடு வரப்புத் தகராறு என்று நிதானமாகச் சொன்னார், ஒரு மணி நேரம் எழுதிக்கொண்டேன். கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார். கூச்சம் என்று நினைத்தேன். “கடைசியா எப்பங்க குடிச்சீங்க?” என்று மட்டும் கேட்கவில்லை. முந்தின நாள் மத்தியானத்தோடு நிறுத்தியிருக்கிறார். அன்று ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. நர்ஸ் அக்கா பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தார்.

தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, இவை இரண்டாம் மூன்றாம் நாளில். இதையெல்லாம் பரீட்சைக்கு எழுதியவள்தான் நான். மருந்து எழுதுவது நம் வேலையில்லை. ஆனால் டாக்டரை எப்போது கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

அடுத்தது, வாயைக் கட்டுவது. அதே தறிக்காரரின் சம்மதத்தோடு பதிவு செய்த எங்கள் பேச்சை மேற்பார்வையாளர் போட்டுக் கேட்டார். “இதுல அவர் எத்தனை நிமிஷம் பேசுனாரு?” என்றார். பாதிகூட இல்லை. “இப்படியே குடிச்சா ஈரல் போயிருமுங்க” என்று நான் சொல்லியிருக்கிறேன். “எங்கப்பாரு எம்பது வயசு வரைக்கும் குடிச்சாருங்க” என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். நாம் நிறுத்தச் சொல்லி வாதாடினால், குடிக்கும் பக்கத்து வாதம் அவர் வாயிலிருந்து வரும். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த ஊக்க நேர்காணல் முறை இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. மாறுவதற்கான காரணத்தை அவரே சொல்ல வேண்டும்.

மறுமுறை, “குடிச்சா உங்களுக்கு என்னங்க நல்லாருக்குது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தறிச் சத்தம் காதை உட்டுப் போவே மாட்டீங்குதுங்க அம்மிணி. குடிச்சாத்தான் அடங்குது.” அப்புறம் அவராகவே, “ஆனா காத்தால புள்ள மூஞ்சியப் பாக்க முடியறதில்லீங்க” என்றார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு மாதம் பேசினோம்.

நிறுத்தியவரைத் திரும்பக் குடிக்க வைக்கும் சூழல்களை உளவியலாளர் ஆலன் மார்லட் வகைப்படுத்தியிருக்கிறார்: மனவேதனை, சண்டை, கூட்டாளிகளின் வற்புறுத்தல். அந்த வகைகளை அப்படியே தமிழாக்கிக் கேட்டால் நம் ஆட்கள் “அதெல்லாம் இல்லீங்க” என்பார்கள். நோம்பி வருதா, கெடா வெட்டுக்குக் கூப்புட்டாங்களா, சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் எந்த வழியா வீட்டுக்குப் போவீங்க என்று கேளுங்கள், கொட்டுவார்கள். வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் ஊற்றிக் கொடுக்காமல் இருப்பதே மரியாதைக் குறைச்சலாகிவிடும் சில குடும்பங்களில். அதற்கு என்ன சொல்வது என்று அறையிலேயே பேசிப் பழக்கினோம்.

குடும்பத்தாரைத் தனியாகப் பாருங்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுக்கிற வீடுகள் உண்டு. மாத்திரை உள்ளே போனது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. அந்த அம்மாக்களைத் திட்டாதீர்கள், வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் மருத்துவ உளவியல் முனைவர் பட்டத்துக்கு ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப் வழக்கம். இங்கே மருத்துவ உளவியலாளராகப் பணிசெய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். அதனால் உங்கள் படிப்புக்கு மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மையம் பதிவாகியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அடிப்பது, கட்டிப்போடுவது கண்ணில் பட்டால் அங்கே ஒரு நாள்கூட இருக்காதீர்கள்.

நேர்முகத்தில் அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மேற்பார்வை? ராத்திரி ஒருத்தருக்கு வலிப்பு வந்தால் யார் வருவார்கள், எத்தனை நிமிஷத்தில்?